மீன் லாரியின் பெட்டி

குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையே அரபிக் கடலோரத்தில் அமைந்த இனயத்தில், கரையேறிய மீன் கெடுமுன் மலையாள நாட்டுச் சந்தைகளை அடைதல் வேண்டும். அதனை ஏற்றிச் செல்லும் லாரி வழியில் நின்றுவிடின், ஐஸ் கட்டியோடு வள்ளக்காரரின் ஓரிரவு உழைப்பும் லாரி உடையவரின் மாதத் தவணையும் கரைந்து போகும். அங்ஙனம் நின்ற லாரியைக் கண்டவுடன் பட்டறைகளில் இக்காலத்து அடிக்கடி எழும் தீர்ப்பு, 'ஈ.சி.எம். போய்விட்டது' என்பதாம். அத்தீர்ப்பை ஆராயும் முறையும், அது மெய்யாயின் மாற்றும் முறையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ஈ.சி.எம். என்பது எஞ்சினை ஆளும் சிறு கணிப்பொறி. ஓட்டுநர் சிலர் அதனைப் 'பெட்டி' என்பர். யாமும் அவ்வாறே வழங்குவோம். எளிய தமிழ்ச் சொல் கைவசம் இருக்க மூன்றெழுத்துச் சுருக்கம் எதற்கு?

முற்காலத்து லாரிகளில் டீசலை அளந்து பீய்ச்சும் வேலையைப் பம்பினுள் இருந்த உருளைகளும் வில்லுகளுமே செய்தன. 1997ஆம் ஆண்டில் இத்தாலியின் ஆல்பா ரோமியோ 156 என்னும் காரில் 'காமன் ரெயில்' முறை புகுந்தது. பேரழுத்தத்தில் ஒரு குழாயில் தேங்கி நிற்கும் டீசலை, பெட்டி ஆணையிடும் கணத்தில் இன்ஜெக்டர்கள் உள்ளே விடும். திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு கூறேயாம். நம் நாட்டில் புகை விதிகள் இறுக இறுக இம்முறையும் பரவிற்று. பாரத் ஸ்டேஜ் 4 விதி 2017 ஏப்ரலிலும், 6 விதி 2020 ஏப்ரலிலும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. ஆதலின் இன்று பழைய லாரி என்று கழிக்கப்படுவனவற்றுள்ளும் பெட்டி உடையன பல.

பெட்டி பழுதாயின் தோன்றும் குறிகள் சில உள. குளிர்ந்திருக்கையில் நன்றாய் ஓடிய எஞ்சின் சூடேறியதும் அணையும். ஆறியபின் மீண்டும் கிளம்பும். ஸ்கேனரை மாட்டினால் மறுமொழி வாராது. இன்ஜெக்டரும் அதன் வயரும் நலமாயிருக்க ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. ஆயின் இக்குறிகளுட் பெரும்பாலானவற்றை அழுகிய வயர் ஒன்றும் தோற்றுவிக்கும். தொல்லை இங்கேதான் உளது.

இனயம் போன்ற ஊரில் வயர் அழுகுதற்குக் காரணம் தேட வேண்டா. காற்றே உப்பு. அதன்மேல், ஐஸ் உருகிய மீன்தண்ணீர் லாரித் தட்டின் இடுக்குகள் வழியே இரவெல்லாம் சொட்டி, கீழே செல்லும் வயர்க் கட்டுகளை நனைக்கும். கனெக்டரின் இரப்பர் வளையம் சற்றே விலகினும் போதும். உள்ளிருக்கும் செம்பு பச்சை பூத்துப் பொடியாகும். மேலுறை புதிதுபோல் விளங்கும். உள்ளே மின்சாரம் செல்ல வழி இராது. எம் கடற்புறத்து லாரி ஒன்றற்குப் புதுப் பெட்டி வாங்கியே தீரவேண்டும் என ஒரு பட்டறையிற் கூறினர். முதிய எலக்ட்ரீஷியன் ஒருவர் உறையைக் கீறிப் பார்த்து, விரற்கடை நீளம் பச்சை பிடித்த எர்த் வயரை வெட்டி வேறு இணைத்தார். லாரி அன்றே ஓடியது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துப் பெட்டியை மாற்றியிருப்பினும் அந்த எர்த் அப்படியேதானே இருந்திருக்கும்!

ஆகலின் முதற்கண் பாட்டரியைச் சோதித்தல் வேண்டும். 12 வோல்ட் லாரியில் ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கின் பாட்டரியை ஐயுறுக. பின்னர், எஞ்சின் ஓடுகையில், அன்றி ஓடாதாயின் ஸ்டார்ட்டர் சுழல்கையில், பெட்டியின் எர்த் வயருக்கும் பாட்டரியின் எதிர் முனைக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வைக்க. வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டுக்கு மேற்படின் எர்த் குற்றமுடையது. வயரைக் கழற்றி வைத்து அளப்பது பயன்படாது. ஒற்றை இழை மிஞ்சிய வயரும் அவ்வளவையில் நலமெனக் காட்டும். பியூஸையும் ரிலேயையும் பற்றி விரிக்க வேண்டா, எவரும் பார்ப்பர்.

அடுத்தது நுட்பமானது. சென்சார்கள் பலவற்றுக்குப் பெட்டியே 5 வோல்ட் வழங்கும். ஒரு சென்சார் உள்ளே ஒட்டிக்கொண்டால் அவ்வழங்கல் முழுதும் விழும். ஸ்கேனரில் ஒரே வேளையில் பல குற்றங்கள் தோன்றும். பார்ப்பவர் பெட்டியே போயிற்றென்று மயங்குவர். சென்சார்களை ஒவ்வொன்றாய்க் கழற்றுக. எதனைக் கழற்றியதும் 5 வோல்ட் மீள்கின்றதோ, குற்றம் அதனிடத்தோ அதற்குச் செல்லும் வயரிடத்தோ உளது. அனைத்தையும் கழற்றி, பெட்டியின் வாயிலிலேயே அவ்வயரைப் பிரித்த பின்னும், மின்வரவும் எர்த்தும் சரியாயிருக்க, 5 வோல்ட் வாராதாயின் அப்பொழுதே பெட்டியைக் குற்றவாளி எனலாம். ஸ்கேனர் பேசாவிடின், 'கேன்' என்னும் இரட்டை முறுக்கு வயர் உடைய லாரியில், பாட்டரியைக் கழற்றி அவ்விரண்டுக்கும் இடையே அளக்க. ஏறத்தாழ 60 ஓம் காட்டுதல் வேண்டும். 120 காட்டின் ஒரு முனை அறுந்தது என்க.

இத்துணையும் கடந்து பெட்டியே பழுதென்று தெளிந்தபின், அதனைத் திறந்து நோக்கலாம். உப்பு நீர் புகுந்த தடமும் உப்பிய கெப்பாசிட்டரும் சில வேளை கண்ணுக்கே தெரியும். கைதேர்ந்தவர் பலகையைச் செப்பனிடுதலும் உண்டு.

மாற்றுவதாயின், மேலே பொறித்த எண் முழுதும் ஒத்தல் வேண்டும். உருவம் ஒன்றாயினும் உள்ளே எழுதிய நிரல் வேறு எஞ்சினுக்கு உரியதாயிருக்கலாம். பழைய லாரிகளை உடைக்கும் இடத்தில் மலிவாய் வாங்குவோர் இடருறுவது இதனாலேயே. பழைய பெட்டியின் நினைவு படிக்கத்தக்க நிலையில் இருப்பின், அதனைப் புதியதனுள் மாற்றி எழுதுதல் நன்று. காமன் ரெயில் இன்ஜெக்டர்கள் பலவற்றின் தலையில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அதனைச் சிலிண்டர் வரிசைப்படி பெட்டிக்குள் எழுதாவிடின் எஞ்சின் தட்டும், புகையும். சாவிப் பூட்டு மின்னணு முறையாயின் அதனையும் புதுப் பெட்டிக்கு அறிவித்தல் வேண்டும். இவை முற்றுப்பெறும்வரை பழைய பெட்டியை எவரிடமும் ஒப்படைக்கலாகாது. குறியீடுகள் அதனுள்ளே உள.

கழற்றுமுன் பாட்டரியின் எதிர் முனையை நீக்குக. லாரித் தட்டில் வெல்டிங் செய்யும்போதும் பாட்டரியையும் பெட்டியையும் பிரித்து வைத்தல் வேண்டும். மீன்தண்ணீர் தின்ற தட்டுகளுக்கு வெல்டிங் ஓயாத வேலையாதலின் இதனை அழுத்திக் கூறுகின்றோம். பெட்டியைப் பொருத்துகையில் கனெக்டருக்கு அணித்தே வயர்க் கட்டைச் சற்றுத் தாழ வளைத்துவிடுக. வழியும் நீர் அவ்வளைவின் அடியிலே சொட்டிப் போகும், வாயிலுக்கு ஏறாது.