பறைக்கு உதவித்தொகை, பாடம் எப்போது?

அடையாற்றின் கரையில் பிராடி மாளிகை இருக்கிறது. கம்பெனி அதிகாரி ஒருவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. இன்று அதில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி நடக்கிறது. 1949இல் கர்நாடக இசைக்கென்றே தொடங்கிய கல்லூரி இது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். விடுதலை பெற்ற இரண்டே ஆண்டில் அந்த இசைக்கு வகுப்பறை, பட்டயம், ஆசிரியர் பணி, மாதச் சம்பளம் எல்லாம் கிடைத்துவிட்டன.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைய 2007 ஆயிற்று. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மூக்குக் கண்ணாடி, ஈமச் செலவு ஆகியவற்றுக்கு அது உதவித்தொகை தருகிறது. ஊரார் சாவுக்கெல்லாம் பறையடித்தவரின் சாவுக்கு ஒரு தொகை! இதை நாம் ஏளனம் செய்யவில்லை. உறுப்பினர் அட்டைக்காக அலைந்தவர்களுக்கு அந்தப் பணத்தின் அருமை தெரியும். ஆனால் ஓர் இசையை அரசு கல்வியாக்கியது, இன்னொன்றை நலத்திட்டமாக்கியது. அங்கே இருப்பவர் ஆசிரியர். இங்கே இருப்பவர் பயனாளி.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளின் வழக்கமான பாடங்கள் ஏழு: குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், மிருதங்கம், வயலின், பரதநாட்டியம். தோல்கருவி இரண்டு இருக்கிறது, பறை இல்லை. (மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்துபவர் யார் என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை.) அண்மையில் வந்த நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்களில் பறையாட்டம் உண்டு, அவை பகுதிநேர மையங்கள்.

2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆசான் என்பதை அரசே ஏற்றுக்கொண்டது. அப்படியானால் இசைப் பள்ளிகளில் பறைக்கு முழுநேர வகுப்பும் நிரந்தர ஆசிரியர் பணியிடமும் வேண்டும். பட்டயம் கேட்காமல், அடிக்கத் தெரிந்ததையே தகுதியாகக் கொண்டு அந்த இடங்களை நிரப்ப வேண்டும்.