பாக்கெட்டுக்கு ஏற்ற பட்டாளக் கத்தி

ஷொப்பியிலோ லசாடாவிலோ 'ஆர்மி கத்தி' என்று தேடிப் பாருங்கள். பச்சையும் பழுப்பும் கலந்த பட்டாள வண்ணத்தில் மடக்குக் கத்திகள் பக்கம் பக்கமாக வந்து நிற்கும். பிடியில் அமெரிக்கப் படைகளின் பெயர், மண்டையோட்டுப் படம், அலகில் பாதிக்கு ரம்பப் பல், அடியில் கார்க் கண்ணாடி உடைக்கும் முனை. விலை பெரும்பாலும் ஒரு வேளைக் குடும்பச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், செந்தூல் என்று நம் இளைஞர்கள் வாழும் இடமெல்லாம் இப்படி ஒரு கத்தியை ஆசையாக வாங்கி, சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆசையில் தவறில்லை. நல்ல மடக்குக் கத்தி பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால், இந்த நாட்டில் அதை வாங்குமுன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பட்டாளத்தில் உண்மையாகவே கொடுக்கப்படும் மடக்குக் கத்தி எப்படிப்பட்டது என்பது ஒன்று. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைப் பற்றி மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் தெரிந்துகொண்டவர், சந்தையில் குவிந்து கிடப்பதில் பெரும்பகுதியைத் தொடவே மாட்டார்.

சிப்பாய்க்கு எதற்கு மடக்குக் கத்தி?

உலகில் மிகவும் பெயர் பெற்ற பட்டாளக் கத்தி சுவிட்சர்லாந்துடையது. 1889-இல் சுவிஸ் இராணுவம் ஷ்மிட்-ரூபின் என்ற புதுத் துப்பாக்கிக்கு மாறியது. அதைக் கழற்றித் துடைக்க ஸ்குரூ டிரைவர் வேண்டும். டப்பாவில் அடைத்த உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். இரண்டையும் ஒரே பிடிக்குள் அடக்கினால் சிப்பாயின் சுமை குறையும் என்று இராணுவம் நினைத்தது. அப்படிப் பிறந்தது 1890 மாடல் சிப்பாய்க் கத்தி. கருநிற மரப்பிடி, அதற்குள் ஓர் அலகு, துளையிடும் ஊசி, டப்பா திறப்பான், ஸ்குரூ டிரைவர். அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தில் அத்தனை கத்திகளைச் செய்து தரும் வசதி அப்போது இல்லாததால், முதல் 15,000 கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து 1891 அக்டோபரில் வந்து சேர்ந்தன.

அந்த வேலை தன் நாட்டிலேயே நடக்க வேண்டும் என்று முனைந்தவர் ஷ்வீஸ் மாநிலத்தின் ஈபாக் ஊரில் கத்திப் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்செனர். சிப்பாய்க் கத்தியைச் செய்து கொடுத்ததோடு நிற்காமல், 1897 ஜூன் 12 அன்று இரண்டாவது அலகும் தக்கை திருகியும் கொண்ட இலகுவான 'அதிகாரி கத்தி'யைப் பதிவு செய்தார். இன்று கடைகளில் காணும் சிவப்புக் கத்திகளுக்கு அதுவே மூதாதை. 1909-இல் இறந்த தாய் விக்டோரியாவின் பெயரைத் தன் தொழிலுக்கு வைத்தார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' அதோடு சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது.

பிற நாட்டுப் பட்டாளங்களிலும் கதை இதேதான். பிரிட்டிஷ் சிப்பாயின் மடக்குக் கத்தியில் முனை மழுங்கிய அலகும், டப்பா திறப்பானும், கயிற்று முடிச்சை நெகிழ்த்தும் தடித்த ஊசியும் இருந்தன. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்கப் படையினருக்கு வந்தது முழுக்க எஃகாலான நான்கு கருவிக் கத்தி. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டுக்குள் போன படையினர் வழி வெட்ட நம்பியது கோலோக் என்ற நீண்ட வெட்டுக்கத்தியைத்தான். மடக்குக் கத்தியின் வேலை டப்பா திறப்பது, கயிறு அறுப்பது, கருவி பழுது பார்ப்பது.

மண்டையோடும் கறுப்புப் பூச்சும் பட்டாளத்தின் தேவையிலிருந்து வந்தவை அல்ல. திரைப்படமும் விளம்பரமும் வரைந்த சிப்பாய்க்கானவை அவை. உண்மையான சிப்பாய்க்குக் கிடைத்தது ஒரு சின்னக் கருவிப்பெட்டி.

சட்டம் 357

இனி நம் ஊருக்கு வருவோம். 1958-ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம், அதாவது சட்டம் 357, பாராங் கத்தியோடு பிடிபட்டவர்களைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் பெயர். அது பாராங்குக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் ஆபத்தான ஆயுதம் என்ற சொல்லுக்குள் வரும். சட்டைப்பையில் கிடக்கும் மடக்குக் கத்தியும் அதில் அடங்கும்.

பிரிவு 6 சொல்வது இது: சட்ட அனுமதியோ சட்டத்துக்கு உட்பட்ட காரணமோ இல்லாமல் பொதுச் சாலையிலோ பொது இடத்திலோ அத்தகைய பொருளை வைத்திருந்தால் குற்றம். தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டு வரையிலான சிறை. பிரம்படியும் உண்டு. கையில் பிடித்திருந்தால்தான் குற்றம் என்பதில்லை. வசத்தில் இருந்தாலே போதும். மோட்டார் இருக்கைக்கு அடியிலோ காரின் கதவுப் பையிலோ இருப்பதும் உங்கள் வசம் இருப்பதுதான்.

பிரிவு 7 இன்னும் இறுக்கமானது. பட்டியலிட்ட சில ஆயுதங்களை விற்பதும் வைத்திருப்பதும் அதன்படி குற்றம். பொத்தானை அழுத்தியதும் அலகு பாய்ந்து வரும் கத்தி அந்தப் பட்டியலைச் சேர்ந்தது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதால் ஒரு பொருள் சட்டப்படி சரியாகிவிடாது. சுருள்வில் உதவியோடு 'டக்'கென்று திறக்கும் கத்திகளும், மணிக்கட்டை உதறினால் விரியும் கத்திகளும் இந்த வகைக்கு மிக அருகில் நிற்கின்றன. அவற்றை ஒதுக்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

சாலைத் தடுப்பில் அதிகாரி முதலில் கேட்பது, "இது எதற்கு?" என்பதாகத்தான் இருக்கும். "பாதுகாப்புக்கு சார்" என்று பதில் சொல்லும் இளைஞர், அதை ஆயுதமாகவே வைத்திருக்கிறேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிடுகிறார். ஏர்கான் பொருத்தும் வேலைக்குப் போகிறவர், கருவிப்பையில் ஸ்பேனரோடும் வயரோடும் கத்தியை வைத்திருந்தால், காரணம் கண்ணுக்கு முன்னே இருக்கிறது.

இதை நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் 10-இல் 7 பேர் இந்தியர்கள் என்றது. அந்தக் கணக்கு விட்டுச் சென்ற சந்தேகப் பார்வை, கும்பல் பக்கமே போகாத பையன்மீதும் விழுகிறது. இரவு பதினொரு மணிக்கு, மண்டையோடு பொறித்த கத்தியோடு நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு, அது வெறும் ஆசைக்கு வாங்கியது என்று விளக்கிப் புரியவைப்பது எவ்வளவு கடினம்!

கடையில் எதைப் பார்ப்பது?

கிள்ளானில் ஒரு ஹார்டுவேர் கடையில் காதில் விழுந்த பேச்சு இது. "அண்ணே, இது ஒரிஜினல் ஆர்மி கத்தியா?" என்று கேட்டார் இளைஞர். கடைக்காரர் கத்தியை எடுத்துக் கொடுக்கவில்லை. "தம்பி, என்ன வெட்டப் போறீங்க? அத மொதல்ல சொல்லுங்க" என்றார். கத்தி வாங்குவதில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

நகரத்தில் நாம் தினமும் வெட்டுவது என்ன? பார்சல் டேப், ராஃபியா கயிறு, கேபிள் டை, அரிசி மூட்டைத் தையல், ஆப்பிள், கொய்யா. எதற்கும் 7 சென்டிமீட்டருக்கு மேல் அலகு தேவையில்லை. ரம்பப் பல்லும் தேவையில்லை. அது அட்டையைக் கிழிக்கும், பழத்தைக் குதறும், வீட்டில் தீட்டவும் வராது. நேரான, வழவழப்பான வாய்தான் வேலைக்கு உதவும்.

பட்டாளக் கத்திதான் வேண்டும் என்றால், 1961 முதல் சுவிஸ் சிப்பாய்கள் வைத்திருந்த அலுமினியப் பிடிக் கத்தியின் வழிவந்த பயனியர் மாடலைப் பாருங்கள். மடக்கிய நீளம் 93 மில்லிமீட்டர், எடை சுமார் 70 கிராம். ஓர் அலகு, துளையிடும் ஊசி, டப்பா திறப்பான், ஸ்குரூ டிரைவர் முனையோடு பாட்டில் திறப்பான். அலகை விரித்ததும் பூட்டிக்கொள்ளும் லாக் கிடையாது. நகத்தால் பள்ளத்தைப் பிடித்து இரண்டு கையால் திறக்க வேண்டும். பொது இடத்தில் அந்த நிதானமே நல்லது. உருமறைப்பு வண்ணத்தில் ஆசை உள்ளவர்களுக்கு 91 மில்லிமீட்டர் ஸ்பார்ட்டன் மாடல் அந்தப் பிடியோடும் வந்திருக்கிறது. அலுவலகம் போகிறவர்களுக்கு 58 மில்லிமீட்டர் கிளாசிக் போதும். அதன் கத்தரிக்கோலுக்குத்தான் அதிக வேலை இருக்கும்.

சுவிஸ் இராணுவம் 2009 முதல் தரும் கத்தி வேறு ரகம். 111 மில்லிமீட்டர் நீளம், ஒரே கையால் திறக்கும் அலகு, அதில் ரம்பப் பல், பூட்டும் லாக். களத்தில் கையுறையோடு வேலை செய்யும் சிப்பாய்க்கு அது சரி. கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறுகிறவருக்கு அது தேவையில்லாத சுமை. உண்மையான பட்டாளக் கத்தி என்பதாலேயே அது நம் பாக்கெட்டுக்குப் பொருந்திவிடாது.

கையில் எடுத்ததும் சோதிக்க வேண்டியவை சில. அலகை விரித்து நுனியைப் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பாதி மடக்கும்போது ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரிய வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங் ஒரு நாள் விரலைக் கடிக்கும். மூடிய நிலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அலகு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத் தகட்டில் உரசக் கூடாது. அலகின் அடியில் நிறுவனத்தின் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போலிகள் ஏராளம் என்பதால், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எஃகையும் கவனியுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றும் வியர்வையும் இரும்புக்கு எதிரி. மலிவுக் கத்திகளின் கறுப்புப் பூச்சு உரியும் இடத்தில் துரு தொடங்கும். டி2 என்ற எஃகு கூர்மையை நீண்ட நாள் காக்கும். ஆனால் குரோமியம் போதாததால் நம் காலநிலையில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். விக்டோரினாக்ஸ் அலகின் கடினம் ராக்வெல் அளவில் சுமார் 56. அடிக்கடி தீட்ட வேண்டி வரும், ஆனால் தீட்டுவது எளிது, துருவும் எளிதில் அண்டாது. இங்கே அதுதான் பொருத்தம்.

வாங்கிய பிறகு

கொய்யாவோ எலுமிச்சையோ வெட்டினால், உடனே கழுவித் துடையுங்கள். மாதம் ஒரு முறை வெந்நீரிலும் பாத்திரச் சோப்பிலும் அலசி, முழுக்கக் காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசினாகி மூட்டை இறுக்கிவிடும். தீட்டும்போது கல்லில் அலகை இருபுறமும் சுமார் 20 பாகைச் சாய்வில் பிடித்தால் போதும். கல் இல்லையென்றால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, பளபளப்பு பூசாத அடிவிளிம்பில் நாலு இழு இழுத்தாலே வாய் திரும்பும்.

கத்தி போகக் கூடாத இடங்களும் உண்டு. பள்ளி, நீதிமன்றம், கால்பந்து அரங்கம், விமானப் பயணத்தின் கைப்பை. இவற்றுக்குக் கிளம்பும்போது சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உலகப் போக்கும் இந்தப் பக்கமே திரும்புகிறது. பல நாடுகளில் கத்திச் சட்டங்கள் இறுகி வருவதால், அலகே இல்லாத பாக்கெட் கருவியை உருவாக்கி வருவதாக விக்டோரினாக்ஸ் 2024 மே மாதம் அறிவித்தது. கத்தி விற்றே வளர்ந்த நிறுவனமே இப்படி யோசிக்கிறது.

நம் சமூகத்துக்குக் கத்தி புதிதல்ல. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். மரத்தின் உயிர்ப்பகுதியில் காயம் படாமல் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும்; அதற்காகப் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தார்கள் அம்மாவும் அப்பாவும். வேலை முடிந்ததும் அது அதன் இடத்துக்குப் போனது. கத்தியால் பிழைத்தார்கள், கத்தியைக் காட்டிப் பெருமை தேடவில்லை.

ஆகவே, வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். சின்னதாக, லாக் இல்லாததாக, பல கருவி உள்ளதாக ஒன்றை வாங்குங்கள். வேலை இருக்கும் நாளில் வேலைப் பையில் கொண்டு போங்கள். வேலை இல்லாத நாளில் வீட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போங்கள். பெற்றோரே, பிள்ளையின் பையில் மண்டையோடு போட்ட கத்தியைக் கண்டால், திட்டுவதற்கு முன் பிரிவு 6 என்ன சொல்கிறது என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். முப்பது வெள்ளிக் கத்திக்காக ஐந்து வருட வாழ்க்கையை யாரும் பணயம் வைக்க வேண்டியதில்லை.