மலையில் விற்கும் 85 பெட்ரோல் டர்போவுக்கு ஆகாது

அமெரிக்காவில் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களின் மலையூர் பெட்ரோல் பங்குகள் பலவற்றில் ‘ரெகுலர்’ என்று விற்பது 85 ஆக்டேன். சமவெளியில் அதே பெயரில் கிடைப்பது 87. இதற்கு ஒரு பழைய நியாயம் உண்டு. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். எஞ்சினுக்குள் போகும் காற்று குறைவு, சிலிண்டரில் அழுத்தமும் குறைவு. அதனால் ஆக்டேன் குறைந்த பெட்ரோலே போதும் என்று கார்புரேட்டர் காலத்தில் கணக்குப் போட்டார்கள்.

டர்போ பொருத்திய ஸ்னோமொபைலுக்கு, அதாவது பனியில் ஓடும் வண்டிக்கு, இந்தக் கணக்கு செல்லாது. மலையில் இழந்த காற்றை அமுக்கித் திருப்பித் தருவதுதான் டர்போவின் வேலையே. ஸ்கிடூ 2020 மாடலாகக் கொண்டுவந்த 850 ஈ-டெக் டர்போ, 8,000 அடி உயரத்திலும் 165 குதிரைத்திறன் தரும் என்று சொல்லித்தான் விற்பனைக்கு வந்தது. வண்டி மலையுச்சியில் நின்றாலும், சிலிண்டருக்குள் கடற்கரையில் இருக்கும் அழுத்தம். ஆலையிலிருந்தே டர்போவோடு வரும் வண்டிகளின் கையேடுகள் பொதுவாக 91 ஆக்டேன் கேட்பது அதனால்தான். இந்தியாவிலிருந்து போனவர்கள் இந்த எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. நம் ஊரில் ஆக்டேனுக்கு வேறு அளவுமுறை. வட அமெரிக்காவின் 91, நம் கணக்கில் சுமார் 95.

ஆக்டேன் குறைந்தால் என்ன ஆகும்? அமுக்கப்பட்ட காற்று சூடாகும். சூடும் அழுத்தமும் சேர்ந்தால், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி முடியும் முன்பே மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். இதுதான் நாக்கிங்; பெட்ரோல் இதை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுதான் ஆக்டேன். காரில் அந்த ‘டக் டக்’ காதில் விழுந்துவிடும். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முழு த்ராட்டிலில் பனியைக் கிழித்துப் போகிறவருக்கு எதுவும் கேட்காது. வண்டி நின்றபின் பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை இருக்கும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இது நொடிகளில் நடந்துவிடக்கூடும்.

நாக் சென்சர் உள்ள எஞ்சினில் ஆலையின் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) இதை உணர்ந்து, தீமூட்டும் நேரத்தைத் தள்ளிவைத்து, சக்தியைக் குறைத்துக் காப்பாற்றப் பார்க்கும். ட்யூனிங் கடைகள் ஈசியூவைத் திருத்தி எழுதித் தரும் கூடுதல் குதிரைத்திறன் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுதான் வருகிறது. கடைக்காரர் அதைச் சொல்வதும் உண்டு, விழுங்கிவிடுவதும் உண்டு. குளிரையும் மறந்துவிடக்கூடாது. மைனஸ் 30 டிகிரியில் காற்று, பிளஸ் 20-இல் இருப்பதைவிட சுமார் 20 சதவீதம் கூடுதல் அடர்த்தி. பெட்ரோலும் அதே அளவு கூட வேண்டும். மார்ச் மாத வெயிலில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடித்த ட்யூன், ஜனவரியில் ‘லீன்’ ஆகிவிடலாம், அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் போதாமல் போகலாம்.

ஆக்டேனுக்காகச் சிலர் விமான பெட்ரோலைத் தேடுகிறார்கள். 100எல்எல் என்ற வகையில் ஈயம் உண்டு. ஆக்சிஜன் சென்சரைக் கெடுக்கும், தோல் வழியாகவும் உடலில் ஏறும். எளிதில் ஆவியாகாது என்பதால் கடுங்குளிரில் எஞ்சின் கிளம்பவும் மறுக்கும். இன்னும் சிலருக்கு எத்தனால் கலந்த ஈ85 ஆசை. எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் அமெரிக்கப் பங்குகளில் ஈ85 என்று விற்பதில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். எத்தனால் அளவை நேரடியாகப் படிக்கும் சென்சர் இல்லாத வண்டியில் இதை ஊற்றுவது சூதாட்டம். ஈ15 வேண்டவே வேண்டாம்; ஸ்னோமொபைலில் அதை ஊற்றுவதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமே தடை செய்கிறது.

எஞ்சின் போனபின் யார் பொறுப்பு? அமெரிக்காவில் 1975-இன் மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டம் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. வேறு கம்பெனி உதிரிபாகம் மாட்டினார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது; அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று நிறுவனம் காட்ட வேண்டும். ஆனால் இதை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) கூட்டிய ட்யூனும் ஓட்டை விழுந்த பிஸ்டனும் ஒரே வண்டியில் இருந்தால், நிறுவனத்துக்கு நிரூபிப்பது கஷ்டமே இல்லை. பழைய ஈசியூ கோப்பைத் திரும்ப ஏற்றினால் தெரியாது என்பதும் தப்புக் கணக்கு, தடயம் மிஞ்சலாம். கனடாவின் கியூபெக்கில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நிறுவனத்தின் வாரண்டி முடிந்தபிறகும், பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்கிறது. மாற்றம் செய்யாத வண்டி வைத்திருப்பவருக்கே அது பெரிய பலம்.

ட்யூனிங் சட்டப்படியும் தொல்லை. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று பெற்ற எஞ்சினின் அமைப்பைக் கலைப்பது அமெரிக்காவில் குற்றம். பந்தயத்துக்கு மட்டுமே என ஒதுக்கிய வண்டிக்கு விலக்கு உண்டு. அதை வாரக்கடைசிச் சவாரிக்கு எடுக்கக்கூடாது. கனடாவின் ஒன்டாரியோவில் ட்ரெயில்களில் வேக வரம்பே மணிக்கு 50 கிலோமீட்டர்தான். அங்கே 300 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. அந்த மாகாணத்தில் நம்மவர்கள் நிறைய இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: வண்டியின் சக்தியைக் கூட்டினால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள். மறைத்தால், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக் கோரிக்கையே தள்ளுபடியாகலாம்.

அதிகம் ஏமாறுகிறவர் செகண்ட் ஹேண்ட் வாங்குபவர். தனியாரிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டத்தின் பெரும்பகுதி கைகொடுக்காது. பொய் சொல்லி விற்றார் என்று ஸ்மால் கிளைம்ஸ் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். அதற்குக் கையில் எழுத்து வேண்டும். பணம் கொடுக்குமுன் டீலரிடம் கொண்டுபோய் ஈசியூவைப் படிக்கச் சொல்லுங்கள், கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். எந்த ட்யூன் ஏற்றியிருக்கிறது, அதற்கு எந்த ஆக்டேன், எத்தனால் எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்பதை விற்பவரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். பெட்ரோல் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். ட்யூனிங் கடைக்கும் இதே கேள்விகள்தான். எழுதித் தர மறுக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.