அகழியை நம்பிய நகரம்

வேலூர்க் கோட்டையின் அகழியை நாம் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறோம். 16ஆம் நூற்றாண்டில் கருங்கல்லால் எழுந்த கோட்டை அது. விஜயநகரத்தார், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே வந்தது. 1806 ஜூலை 10 அதிகாலையில் ஆங்கிலேயருக்கு வந்த ஆபத்தோ அகழிக்கு வெளியிலிருந்து வரவில்லை. உள்ளே இருந்த அவர்களுடைய சிப்பாய்களே கிளர்ந்தெழுந்தார்கள்.

எருசலேமிலும் இரு மதில்களுக்கு நடுவே ஒரு நீர்த்தேக்கம் இருந்ததை எசாயா நூலின் 22ஆம் பிரிவில் வாசிக்கிறோம். பகைவர் நெருங்கியதும் நகரத்தார் ஆயுதக் கிடங்கைப் பார்க்கிறார்கள். மதிலின் உடைப்புகளைப் பார்க்கிறார்கள். வீடுகளைக் கணக்கெடுத்து இடித்து மதிலைப் பலப்படுத்துகிறார்கள். யாருடைய வீடுகள் என்று நூல் சொல்லவில்லை. பெரியவர்களின் மாளிகைகளாக இருந்திருக்காது என்றே நினைக்கிறோம். இத்தனையையும் பார்த்தவர்கள் ஆண்டவரை மட்டும் பார்க்கவில்லை என்பதே இறைவாக்கினரின் வருத்தம்.

அப்படியானால் மதில் கட்டுவது தவறா? இல்லை. எசேக்கியா அரசர் ஏறத்தாழ 533 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்து கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவந்தார். இருபுறமிருந்தும் வெட்டி வந்தவர்கள் நடுவில் சந்தித்ததை 1880இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு சொல்கிறது. விவிலியமும் அதை அவருடைய அரும்பணிகளில் ஒன்றாகவே குறிக்கிறது. எசாயா கண்டித்தது, எகிப்தின் குதிரைகளும் தேர்களும் இருந்தால் போதும், கடவுளைக் கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தை.

கி.மு. 701இல் யூதாவின் 46 நகர்களைப் பிடித்ததாக அசீரிய மன்னன் சனகெரிபு பட்டயத்தில் பெருமை பேசுகிறான். இலாக்கீசு வீழ்ந்த காட்சியை அரண்மனைச் சுவரில் செதுக்கியும் வைத்தான். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அவனால் எழுத முடியவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது தோல். அதை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. யோப்பாவில் புனித பேதுரு தங்கியதே தோல் பதனிடும் சீமோன் வீட்டில்தான். ஆனால் ஏற்றுமதியை எண்ணினோம், டாலரை எண்ணினோம். பாலாற்று மணலுக்கு அடியில் ஆண்டவர் வைத்திருந்த தண்ணீரை எண்ணவில்லை. உப்பும் குரோமியமும் நிலத்தடிக்கு இறங்கின. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இங்கேயும் இடிபட்ட வீடுகள் சிறு விவசாயிகளுடையவை, கிணற்றை நம்பியவர்களுடையவை.

ஆண்டவரின் வல்லமையை நம்புவது என்றால் சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்திவிட்டுச் செபமாலை சொல்வது அல்ல. எசேக்கியாவின் ஆட்கள் உளியைக் கீழே போடவில்லை. மழை இரவில் கழிவை ஆற்றில் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற யோசனை எழும்போது, வேலை போய்விடுமே என்று நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. எகிப்துக்கு ஓடியவர்களும் கெட்டவர்கள் அல்லர், பயந்தவர்கள். ஊர் பிழைக்க வேறு வழியே இல்லை என்றுதான் அவர்களும் நினைத்தார்கள்.