இறங்கும் உயரமும் இறங்கும் இடமும்



தாயகத்தை விட்டு இந்நாட்டுக்கு நாம் வந்து சேர்ந்தது வானூர்தியில். வட நோர்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் தொழில் புரிந்த நம் மூத்தோர் பலர், மலைகளுக்கும் கடலுக்கும் இடையே பறக்கும் சிறு விமானங்களையும் நன்கறிவர். முகில் மூடித் தரை தெரியாத வேளையில் விமானி எவ்வாறு இறங்குகிறார்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாறு இறங்குவதற்கு இறங்குமுறை வரைபடம் ஒன்று உண்டு. அதில் மேலிருந்து பார்க்கும் படம், பக்கவாட்டுப் படம், அடியில் ஓர் அட்டவணை என மூன்று பகுதிகளைக் காணலாம். அட்டவணையில் உள்ள முக்கியமான எண்ணே ‘இறங்கத்தக்க மிகக் குறைந்த உயரம்’ ஆகும். ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரியும்வரை, விமானி அவ்வுயரத்துக்குக் கீழே ஓரடியேனும் இறங்குதல் ஆகாது. குறித்த இடம்வரை பறந்தும் அவை தெரியாவிடின், மீண்டும் மேலெழுந்து செல்லவேண்டும்.

700 (650) என எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முதலாவது எண் கடல் மட்டத்திலிருந்து அடிக்கணக்கில் உயரம். அடைப்புக்குள் உள்ளது ஓடுபாதையிலிருந்து உயரம். விமானத்தின் வேகத்துக்கேற்ப ஏ, பி, சி, டி எனப் பிரிவுகளும் உண்டு. பிரிவு மாறின் எண்ணும் மாறக்கூடும்.

இவ்வெண் எங்ஙனம் பெறப்படுகின்றது? இறுதிக் கட்டப் பாதையின் கீழுள்ள மிக உயர்ந்த தடையைக் கண்டு, அதற்குமேல் குறைந்தது 75 மீற்றர், அதாவது ஏறத்தாழ 246 அடி, இடைவெளி விடப்படுகின்றது. உயரமானியோ காற்றழுத்தத்தைக் கொண்டே உயரத்தைக் காட்டுவது. அழுத்த அளவைப் பத்து அலகு கூட்டிப் பொருத்திவிட்டால், விமானம் காட்டப்படும் உயரத்தைவிட ஏறத்தாழ 270 அடி கீழே பறக்கும். காப்பு இடைவெளி முழுவதும் அத்தவறு ஒன்றிலேயே கரைந்துவிடும்!

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். நம் ஊர்க் கேணியில் நாம் படிப்படியாக இறங்குவோமன்றோ? பக்கவாட்டுப் படமும் அத்தகையதே. ஓடுபாதையிலிருந்து இத்தனை கடல்மைல் தொலைவுவரை இவ்வுயரம், அதன்பின் அடுத்த படி என அது காட்டும். ஆகவே உயரத்தைமட்டும் வாசித்தால் போதாது. அவ்வுயரம் எவ்விடத்துக்கு உரியது என்பதையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

1988ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி மாலை, நம்சூஸ் நகரிலிருந்து புறொன்னொய்சுண்ட் நோக்கி விடெறோ நிறுவனத்தின் டாஷ் 7 விமானம் ஒன்று சென்றது. நான்கு கடல்மைல் தொலைவுவரை ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அது பறந்திருக்கவேண்டும். ஆனால் எட்டுக் கடல்மைல் தொலைவிலேயே அடுத்த படிக்கு இறங்கத் தொடங்கியது. வழியில் நின்றது, நடுவே துளையுள்ள புகழ்பெற்ற தோர்க்ஹாத்தன் மலை. மலையின் உயரம் ஏறத்தாழ 260 மீற்றர். விமானமோ ஏறத்தாழ 170 மீற்றரில் பறந்தது. அதிலிருந்த 36 பேரும் உயிரிழந்தனர். படி முன்னதாகவே இறங்கப்பட்டமையே அப்பேரிழப்புக்கு வழியாயிற்று.

பின்னர் 2007ஆம் ஆண்டில், செய்மதியின் துணையுடன் சரிவுப்பாதையைத் தொடர்ச்சியாகக் காட்டும் முறை அதே புறொன்னொய்சுண்ட் நிலையத்தில் அறிமுகமாயிற்று. படிப்படியாக இறங்கும் முறையிலுள்ள இடரைக் குறைப்பதே அதன் பயன்.

மாணவச் செல்வங்களே! கணக்கில் விடையை எழுதி அலகை விட்டுவிடுகிறீர்கள். அட்டவணையில் எண்ணை எடுத்துத் தலைப்பைப் பாராது விடுகிறீர்கள். ஆசிரியர் அதற்குப் புள்ளி குறைக்கும்போது மனம் வருந்துகிறீர்கள். எண்ணை அதற்குரிய இடத்தோடும் அலகோடும் சேர்த்து வாசிப்பதே முழுமையான வாசிப்பு. அவ்வழக்கம் வகுப்பறையில் கைவரின் வாழ்விலும் துணைநிற்கும். நாளை உங்களுள் ஒருவர் விமானியாகி, அவர் செலுத்தும் விமானத்தில் நாம் அச்சமின்றி அமர்ந்து செல்லும் நாள் வருக!