படுத்த மாட்டை எழுப்பும் பயிற்சி

கன்று ஈன்ற மாடு படுத்த படுக்கையாகி விட்டால் சிறு விவசாயியின் குடும்பம் கலங்கிப் போகிறது. மாட்டுக் கடனின் தவணை, கைக்கன்றுக்குப் பால், நாள்தோறும் சங்கத்தில் ஊற்றும் பாலுக்கு வரும் காசு ஆகிய அனைத்தும் அந்த ஒரு மாட்டை நம்பியே உள்ளன. மருத்துவர் வந்து ஊசி போட்டுச் சென்ற பிறகும் மாடு எழவில்லை என்றால், "இனி தேறாது" என்று பலரும் கைவிட்டு விடுகின்றனர். ஆனால், ஊசிக்குப் பிறகு செய்ய வேண்டிய பணிவிடைதான் பல மாடுகளின் உயிரைத் தீர்மானிக்கிறது. இப்பணிவிடைக்குப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும்.

ஏன் எழ முடிவதில்லை?

ஈன்றவுடன் மாடு விழுவதற்கு முக்கியக் காரணம் பால் சுரம் ஆகும். சீம்பால் சுரக்கும்போது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைந்து தசைகள் செயலிழக்கின்றன. பெரும்பாலும் ஈன்ற மூன்று நாட்களுக்குள் இது வரும். அதிகம் கறக்கும் மாடுகளிலும், மூன்றாவது ஈற்றுக்கு மேற்பட்ட மாடுகளிலும், ஜெர்சி இனத்திலும் மிகுதி. காதும் கால்களும் குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருப்பது இதன் அறிகுறி. மருத்துவர் கால்சியம் மருந்தை இரத்தக் குழாயில் மெதுவாகச் செலுத்தினால் பெரும்பாலான மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்து விடும்.

சில மாடுகள் மட்டும் எழுவதில்லை. தீனி தின்னும், அசை போடும், கண் தெளிவாக இருக்கும். ஆனால் பின்பாகம் எழாது. இதற்குக் காரணம் மாட்டின் சொந்த எடையே. 350 முதல் 400 கிலோ எடையுள்ள மாடு கடினத் தரையில் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், அடியில் சிக்கிய பின்னங்காலின் தசைக்கு இரத்த ஓட்டம் தடைபடுகிறது. தசை வீங்குகிறது, நரம்பு நசுங்குகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா ஆய்வாளர்கள் நல்ல நிலையிலிருந்த மாடுகளை மயக்க நிலையில், ஒரு பின்னங்கால் உடலின் அடியில் இருக்குமாறு 6 முதல் 12 மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்தனர். அவற்றில் பல மாடுகள் பின்னர் எழ இயலாமல் போயின. 1982இல் வெளியான இந்த ஆய்வு ஓர் உண்மையை உணர்த்தியது. முதலில் மாட்டை வீழ்த்துவது நோய். பிறகு எழவிடாமல் செய்வது படுக்கை.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்துப் பால் பண்ணைகளில் நடந்த ஆய்வும் இதையே வலியுறுத்துகிறது. நல்ல படுக்கையும் கவனமான பணிவிடையும் கிடைத்த மாடுகளே அதிகம் தேறின என்று 2016இல் வெளியான அதன் முடிவு கூறுகிறது.

இயன்முறைச் சிகிச்சை

மனிதருக்கு எலும்பு கூடிய பின் மூட்டுகளை அசைத்தும் தசைகளை நீவியும் நடக்கப் பழக்குவதை இயன்முறைச் சிகிச்சை, அதாவது பிசியோதெரபி என்கிறோம். கால்நடைகளுக்கும் இம்முறை உண்டு. பிரிட்டனில் கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலின் கீழ் பிறர் இச்சிகிச்சை செய்ய 1962ஆம் ஆண்டின் ஆணை இடம் தந்தது. அதற்குப் பதிலாக 2015இல் புதிய ஆணை வந்தது. மனிதருக்கான பிசியோதெரபி படித்தவர்கள் மேற்கொண்டு கால்நடைக்கான பயிற்சி பெற்று அங்கே பணிபுரிகின்றனர். குதிரையும் நாயுமே அவர்களிடம் அதிகம் வருகின்றன.

நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, நோய் கண்டு மருந்து தரும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கே உரியது. உரிய பட்டயமோ சான்றிதழோ பெற்றவர்கள் அவரது மேற்பார்வையில் சிறு மருத்துவப் பணிகளைச் செய்யலாம். இரு நாட்டு ஏற்பாட்டிலும் உள்ள நெறி ஒன்றே: முதலில் மருத்துவரின் கண், பிறகு பயிற்சி பெற்றவரின் கை.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தொடை எலும்பு முறிந்த மாடும், இடுப்பு மூட்டு விலகிய மாடும் வெளிப்பார்வைக்குப் பால் சுர மாட்டைப் போலவே படுத்திருக்கும். முறிந்த காலை நீட்டி மடக்கினால் கேடு பெருகும். ஆகவே மருத்துவர் சோதித்து, முறிவில்லை என்று கூறிய பின்னரே காலில் கை வைக்க வேண்டும்.

கற்க வேண்டிய நான்கு வேலைகள்

1. படுக்கை: சிமெண்ட் தளத்தில் மாட்டைக் கிடத்தக் கூடாது. மணல் அல்லது மண் தரைக்கு மாற்றி, ஒரு சாண் உயரத்துக்கு மணலோ வைக்கோலோ பரப்ப வேண்டும். மாடு பக்கவாட்டில் முழுதும் சாய்ந்தால் வயிறு உப்பும். எனவே நெஞ்சு தரையில் படியுமாறு நிமிர்த்தி, வைக்கோல் திணித்த கோணிகளை இரு பக்கமும் அண்டை கொடுக்க வேண்டும். நனைந்த படுக்கையை உடனே மாற்ற வேண்டும்.

2. புரட்டுதல்: மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் தவறாமல், படுத்த பக்கத்தை மாற்ற வேண்டும். இதற்குக் குறைந்தது மூன்று பேர் தேவை. ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக் கொள்ள, மற்ற இருவர் அடியிலுள்ள பின்னங்காலை வெளியே எடுத்து, இடுப்பைத் தள்ளி மறுபக்கத் தொடையின் மேல் சாய்க்க வேண்டும். நான்கு கால்களும் வானத்தை நோக்குமாறு முதுகின் மேல் உருட்டக் கூடாது.

3. நீவுதலும் மடக்குதலும்: ஒவ்வொரு முறை புரட்டும்போதும் மேலே வந்த காலைக் குளம்பிலிருந்து தொடையை நோக்கி உள்ளங்கையால் அழுத்தி நீவ வேண்டும். பிறகு ஒவ்வொரு மூட்டையும் மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். பத்துப் பதினைந்து முறை போதும். மாடு வலியில் உதறினாலோ முனகினாலோ நிறுத்தி விட வேண்டும். எந்த மூட்டு எவ்வளவு மடங்கும் என்பதைக் கையால் உணர்ந்தே கற்க முடியும். நேரடிப் பயிற்சி தேவைப்படுவது இங்கேதான்.

4. தூக்குதல்: எழ முயலும் மாட்டுக்கே தாங்கல் பயன் தரும். மூன்று உறுதியான கம்பங்களை முக்காலியாக நிறுத்தி, சங்கிலிக் கப்பியில் அகலமான பட்டையை மாட்டித் தூக்கலாம். பட்டை நெஞ்சுக்கடியிலும் பின்வயிற்றுக்கடியிலும் இருக்க வேண்டும். மெல்லிய கயிறு தோலை அறுக்கும். கால்களில் எடை தாங்கி நின்றால் சில நிமிடம் நிற்க விட்டு இறக்கலாம். காலூன்றாமல் தொங்கினால் உடனே இறக்க வேண்டும். பின்னங்கால்கள் அகன்று வழுக்கும் மாட்டுக்கு, இரு கால்களையும் சுமார் இரண்டடி இடைவெளியில் மெத்தென்ற பட்டையால் இணைத்துக் கட்டலாம்.

இவற்றுடன் தண்ணீரும் தீவனமும் வாய்க்கு எட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். மடியைத் துடைத்துச் சுத்தமாக வைத்து, மருத்துவர் சொல்லும் அளவில் பால் கறக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

வாலை முறுக்குதல், சூடு வைத்தல், மின்சாரம் பாய்ச்சுதல், காலில் கயிறு கட்டி இழுத்தல் ஆகியவை மாட்டை எழுப்புவதில்லை, துன்பத்தையே கூட்டுகின்றன. இடம் மாற்ற வேண்டுமானால் கதவுப் பலகை அல்லது தடித்த தார்ப்பாயில் கிடத்தி நகர்த்தலாம். தளர்ந்த மாட்டின் வாயில் கஞ்சியோ கஷாயமோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் உயிரைப் பறிக்கும்.

குறிப்பேடு அவசியம்

மாடு விழுந்த நேரம், ஊசி போட்ட நேரம், புரட்டிய நேரம், தின்ற தீவனம், எழ முயன்ற தடவைகள் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் மருத்துவர் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்ய எளிதாகும். தின்பதும் எழ முயல்வதும் நல்ல அறிகுறிகள். ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருந்து எழுந்த மாடுகளும் உண்டு. தீவனம் மறுத்து, படுக்கைப் புண் பரவி, நாளுக்கு நாள் தளர்ந்தால், மாட்டை மேலும் வதைக்காமல் மருத்துவரின் முடிவை ஏற்பதே முறை.

பயிற்சி பெறுவது எவ்வாறு?

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கப்பட்டது. மாவட்டங்களில் இயங்கும் அதன் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கறவை மாடு வளர்ப்புப் பயிற்சி நடைபெறுகிறது. அதில் சேருவோர், படுத்த மாட்டின் பணிவிடையைச் செய்முறையாகக் காட்டுமாறு கேட்டுப் பெற வேண்டும்.

தனி ஒருவரால் இரவு பகலாக மாட்டைப் புரட்ட முடியாது. ஆகவே, ஊரில் ஐந்தாறு பேர் குழுவாகச் சேர்ந்து, கால்நடை மருந்தகத்தின் மருத்துவரை அழைத்து, நலமுள்ள அடக்கமான மாட்டில் கால் மூட்டுகளை அடையாளம் காணவும் நீவவும் மடக்கவும் பழகலாம். குழுவில் பெண்களும் இருக்க வேண்டும். மாட்டை நாள் முழுதும் கவனிப்பவர்கள் அவர்களே. சங்கிலிக் கப்பியும் பட்டையும் வாங்கும் செலவை ஒருவர் தாங்குவது கடினம். பால் உற்பத்தியாளர் சங்கத்தில் பொதுவாக வாங்கி வைத்தால் ஊருக்கே உதவும். குழுவின் வேலை பணிவிடை மட்டுமே. ஊசியும் மருந்தும் மருத்துவரைச் சேர்ந்தவை.

மாடு விழுந்தால் காலம் கடத்தாமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். அல்லது 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்க வேண்டும். மருத்துவர் வரும் வரை காத்திராமல் அந்த நிமிடமே மாட்டுக்கு மெத்தென்ற படுக்கையை அமைத்துவிட வேண்டும். முதல் ஆறு மணி நேரத்தில் தசையைக் காத்தால், அடுத்து வரும் சிகிச்சை பலன் தரும்.