பத்மாவை மடக்கிக் கட்டிய பாலம்

கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங் புறப்பட்டவர்கள் ஒரு காலத்தில் நடுவழியில் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டியிருந்தது. தாமுக்தியா படித்துறையில் நீராவிப் படகேறி பத்மாவைக் கடந்து, அக்கரையில் சாராவில் வேறு ரயில் பிடிக்க வேண்டும். பாலம் வேண்டும் என்ற பேச்சு 1889-லேயே எழுந்தது. ரயில் ஓடியதோ 1915-ல்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் ஆறுதான். வங்கத்தில் பத்மா என்று பெயர் பெறும் கங்கை, வண்டல் கரையை அரித்துக்கொண்டே இடம் மாறும். ஆற்றின் மேல் கட்டிய பாலம் சில ஆண்டுகளில் வெறும் மணல்மேட்டில் நிற்கக்கூடும். 1902-ல் பாலத்துக்கு விரிவான அறிக்கை தந்தவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். பின்னாளில் சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்து, அங்கே குமாஸ்தாவாக வேலை பார்த்த கணிதமேதை ராமானுஜனுக்குத் துணைநின்றவரும் இவரே.

தலைமைப் பொறியாளர் ராபர்ட் கேல்ஸ் இரும்பை நிறுத்துவதற்கு முன் ஆற்றுக்குக் கரை கட்டினார். இருபுறமும் நீண்ட மண்கரை எழுப்பி, அதன்மேல் கல் போர்த்தி, அடியிலும் கல்லைப் பரப்பி வைத்தார்கள். வெள்ளம் அடியில் குடைந்தால் அந்தக் கற்கள் தாமே சரிந்து பள்ளத்தை மூடிக்கொள்ளும். எனக்கு இந்தப் பாலத்தின் உண்மையான சாதனை இதுதான்.

பிறகு தூண்கள். நம்மூர் உறைகிணறு இறக்குவது போலவே, உள்ளே மணலை வாரி எடுக்க எடுக்க, தூணுக்கு அடித்தளமான கிணறு தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். கோடைக்கால நீர்மட்டத்திலிருந்து சுமார் 160 அடி ஆழம் வரை இறக்கினார்கள். அவற்றின் மேல் நிற்பவை 15 பெரிய கண்கள். ஒவ்வொன்றும் சுமார் 345 அடி. உழைத்தவர்கள் ஏறத்தாழ 24,000 பேர். 1915 மார்ச் 4 அன்று திறந்துவைத்த வைஸ்ராய் ஹார்டிங்கின் பெயர்தான் பாலத்துக்கு நிலைத்தது. அத்தனை உழைப்பாளிகளுக்கும் அங்கே ஒரு நினைவுக்கல்லாவது வேண்டும்.

1933-ல் வலக்கரை உடைப்பெடுத்தது, பெரும்பாடுபட்டுச் சீர்செய்தார்கள். 1971 டிசம்பரில், வங்கதேச விடுதலைப் போரில் ஒரு கண் தகர்ந்து ஆற்றில் விழுந்தது. 1972 அக்டோபரில் மீண்டும் ரயில் ஓடியது.

வங்கதேசத்தில் ஈஸ்வர்டி பக்கம் போக நேர்ந்தால், பாக்சியில் இறங்கிப் பாருங்கள். இரும்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்தக் கல் போர்த்திய கரைமேலும் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.